இடுப்பில் அரைக் கிலோ

ஞாயிற்றுக்கிழமை ஏலம் முடிந்து, குளித்துவிட்டு, மாப்பிள்ளை என் வீட்டு மொட்டைமாடிக்கு வந்தான். தங்கச்சி புருஷன் என்றாலும் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரே தெருவில் கோலி விளையாடி வளர்ந்தவர்கள் நாங்கள். 'வாங்க போங்க' எல்லாம் கல்யாண மண்டபத்தோடு சரி. வந்ததும் போனை நீட்டினான். அமெரிக்காக்காரன் ஒருவன் உள்ளங்கை அளவு 9 மி.மீ. பிஸ்டலை ஜீன்ஸுக்குள் சொருகி, மேலே சட்டையை இறக்கிவிட்டு, எங்கே இருக்கிறது பார் என்று சுற்றிச் சுற்றிக் காட்டும் வீடியோ.

"இது மாதிரி ஒண்ணு வேணும் மச்சான். லைசென்ஸுக்குப் போடப் போறேன்."

அவனுக்குக் காசிமேட்டில் மொத்த மீன் வியாபாரம். விடியற்காலை ஏலம், கையில் ரொக்கம், ஸ்கூட்டரில் வீடு. போன மாதம் இரண்டு பையன்கள் கல்மண்டபம் வரை பின்னாலேயே வந்திருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து அதே பைக், அதே பையன்கள். ஸ்டேஷனில் புகார் கொடுத்தாயிற்று. அப்புறம்தான் இந்த யோசனை. நான் ராணுவத்தில் 17 வருடம் ஆர்மரராக இருந்தவன். துப்பாக்கியைச் சுட்டதைவிடப் பிரித்துத் துடைத்து மாட்டியதுதான் அதிகம். அதனால் என்னிடம் வந்தான்.

முதலில் அந்த வீடியோவை மூடச் சொன்னேன். 9 மி.மீ. நம் ஊரில் தடை செய்யப்பட்ட ரகம். ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் தோட்டாவைச் சுடக்கூடிய பிஸ்டல், ரிவால்வர் எதுவும் சாதாரண லைசென்ஸில் வராது. 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்திலிருந்தே அப்படித்தான். கமிஷனர் அலுவலகத்தில் நமக்குக் கிடைக்கக்கூடியது தடையில்லாத ரகம். கைத்துப்பாக்கியில் அதற்கு நடைமுறையில் .32, இல்லையென்றால் .22 என்று அர்த்தம் (எண், குழலின் விட்டம், தோராயமாக அங்குலத்தில்). வெளிநாட்டில் செய்த பழைய .32 பிஸ்டல்கள் கைமாறி விற்கின்றன. அவற்றின் விலையில் ஒரு ஃபைபர் படகுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாம். ஆக, மிச்சம் இருப்பது பெரும்பாலும் நம் அரசு ஆயுதத் தொழிற்சாலைச் சரக்கு. அதில் நான் எடுத்துக்கொண்டது ஐந்து பெயர்கள்: நிடர், நிர்பீக், மார்க் 3, பிரபல், அஷானி. உத்தரப் பிரதேசத்தில் வெப்லி அண்ட் ஸ்காட் என்ற பழைய பிரிட்டிஷ் கம்பெனியின் பெயரில் வரும் .32 ரிவால்வரையும் சேர்க்கலாம். ஆனால் அது மார்க் 3 குடும்பத்து முகம்தான். மார்க் 3 பிறந்ததே பழைய வெப்லியைப் பார்த்து.

ஐந்தையும் பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு, "நீ வேலைக்கு என்ன போட்டுக்கொண்டு போகிறாய்?" என்று கேட்டேன். சிரித்தான். கைலி, அரைக்கை சட்டை, ரப்பர் செருப்பு. கைலிக்கு மேலே பச்சை பெல்ட், அதில் பணம் வைக்கிற பை. பெட்டி தூக்க, ஐஸ் கொட்ட, தரையில் குந்தி இறாலைப் பார்க்க என்று நாலு மணி நேரத்தில் நூறு தடவை குனிந்து நிமிர்வான். மறைத்து வைப்பதைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதெல்லாம் கெட்டியான பேன்ட், விறைப்பான தோல் பெல்ட், மேலே ஜாக்கெட் என்ற கணக்கில். காசிமேட்டில் ஜாக்கெட் போட்டு நின்றால் அதுவே சந்தேகம்.

அதனால் துப்பாக்கியை விட்டுவிட்டு எடையிலிருந்து ஆரம்பித்தோம். எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகு அவன் வீட்டுப் பரணில் பழைய எடைக்கற்கள் சும்மா கிடக்கின்றன. நிடர் 250 கிராம். நிர்பீக் சுமார் அரைக் கிலோ. மார்க் 3, பிரபல் இரண்டும் ஏறக்குறைய 700. தோட்டா போட்டால் எல்லாமே இன்னும் கொஞ்சம் கூடும். தங்கச்சி தடித்த துணியில் ஒரு பை தைத்துக் கொடுத்தாள். வாரத்தைப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லையும் பனியனுக்குள் இடுப்பில் கட்டிக்கொண்டு ஏலத்துக்குப் போகச் சொன்னேன். "வாங்குறதுக்கு முன்னாடியே இன்னா மச்சான் இதெல்லாம்?" என்றான். வாங்கினால் திருப்பிக் கொடுக்க முடியாது மாப்ளே, போய் வா என்றேன்.

250 கிராம் கல்லை மறந்தே போனான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் ஞாபகம் வந்ததாம். அப்படியானால் நிடர்தானே? இல்லை. அது .22. ஆள் சின்னதாக இருப்பது மட்டும் குறையில்லை. .22 தோட்டாவில் மருந்தைப் பற்றவைக்கும் ரசாயனம் அடிவிளிம்புக்குள் வளையமாக இருக்கிறது. .32இல் அது நடுவில் தனிக் குமிழாக உட்கார்ந்திருக்கும். விளிம்புத் தோட்டா வெடிக்காமல் ஏமாற்றுவது நடுக்குமிழ்த் தோட்டாவைவிட அதிகம். ரிவால்வர் என்பதால் திரும்ப விசையை இழுத்தால் உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்துவிடும், அதுவரை சரி. ஆனால் ஐஸ் தண்ணீரும் உப்புக் காற்றும் படும் இடத்தில் மாதக்கணக்கில் இடுப்பில் கிடக்கிற தோட்டாவை நம்ப எனக்கு மனசு வரவில்லை. பிடியும் சின்னது. அவன் கை பெட்டி தூக்கும் கை. துப்பாக்கி கிளப்பில் பழக .22 அருமையானது, குறைந்த செலவில் நிறையச் சுடலாம். வேலை நேரத்துக்கு வேண்டாம் என்று ஒரு கோடு போட்டேன்.

அஷானியில்தான் நிறைய நேரம் மாட்டிக்கொண்டோம். அது ஒன்றுதான் பிஸ்டல், மற்ற நான்கும் ரிவால்வர். பிஸ்டல் தட்டை. தோட்டாக்கள் உட்காரும் உருளையின் வயிறு இல்லாததால் இடுப்போடு ஒட்டிக்கொள்ளும். மறைப்பது மட்டுமே கேள்வி என்றால் அஷானிக்கு முதல் மார்க் போட்டிருப்பேன். மாப்பிள்ளையின் மனசும் அங்கேதான் இருந்தது. வீடியோவில் பார்த்ததற்கு ஜாடையில் நெருங்கிய சொந்தம்.

ஆனால் பிஸ்டலைத் தயார்நிலையில் வைக்க இரண்டே வழி. ஒன்று, குழலின் பின்முனையில் இருக்கும் அறையில் தோட்டாவை ஏற்றி, விசையைப் பூட்டும் சேஃப்டியைப் போட்டு வைப்பது. அப்புறம் பதற்றத்தில் சேஃப்டியை இறக்க விரல் மறக்கக் கூடாது, குனிந்து நிமிர்கையில் சேஃப்டி தானாக இறங்கவும் கூடாது. இரண்டு, அறையைக் காலியாக விட்டு, எடுக்கும்போது மேலே நகரும் பாகமான ஸ்லைடை இழுத்து ஏற்றுவது. அதற்கு இரண்டு கையும் வேண்டும். அவன் பயப்படுகிற இடம் ஸ்கூட்டர் மேல், ஒரு கை ஹேண்டில்பாரில். இதைத் தினமும் பழகுகிறவர்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. மாப்பிள்ளை பழகுவானா? வருடத்துக்கு இரண்டு தடவை போனால் பெரிய விஷயம். லைசென்ஸில் இத்தனை தோட்டாதான் வாங்கலாம் என்று எண்ணிக்கை எழுதித் தருவார்கள், சுடுகிற ஒவ்வொன்றும் கணக்கு. பழக்கம் குறைந்த கைக்கு, எடுத்தோம் விசையை இழுத்தோம் என்று முடிகிற ரிவால்வர்தான் ஒத்துவரும். வெடிக்காத தோட்டா ஒன்று வந்தால் பிஸ்டலில் ஸ்லைடை இழுத்து அதைத் தள்ள வேண்டும். ரிவால்வரில் இன்னொரு தடவை விசை, அவ்வளவுதான்.

இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், கடைவாசலில் இதில் தடுமாறுகிறவர்கள் உண்டு. லைசென்ஸில் .32 என்று இருந்தாலும் பிஸ்டல் தோட்டாவும் ரிவால்வர் தோட்டாவும் ஒன்றில்லை. அஷானி சாப்பிடுவது .32 ஏசிபி. ரிவால்வர்களுக்கு .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங், அது நீளம் அதிகம், ஈயமும் கனம். பிஸ்டல் தோட்டாவின் குண்டு 71 கிரெய்ன் (குண்டின் எடைக்கான சிறு அளவு), வேகம் கூடுதல். ரிவால்வருடையது 98 கிரெய்ன், வேகம் குறைவு. ஒன்றை மற்றதில் போட்டுப் பார்க்கக் கூடாது. ஏசிபி தோட்டாவுக்கு இன்னொரு வம்பும் உண்டு. அடியில் லேசாக விளிம்பு துருத்தும். தோட்டா அடுக்கும் பெட்டியான மேகசினில் கவனமில்லாமல் அடுக்கினால் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். அப்புறம் ஸ்லைடை எத்தனை தடவை இழுத்தாலும் தோட்டா சரியாக ஏறாது. எத்தனை பேர் அதைத் துருவென்று நினைத்து எண்ணெய் விட்டிருப்பார்களோ!

சரி, மூன்று ரிவால்வர். மார்க் 3 பழைய குதிரை. நடுவில் மடங்கித் திறக்கும், திறந்தால் ஆறு காலித் தோட்டாவும் ஒன்றாக எழும்பி வெளியே வரும். பார்க்க அழகு. நிர்பீக் அதன் இலேசான தம்பி. 2012 டெல்லிக் கொடுமைக்குப் பிறகு, அந்தப் பெண்ணை நாடு நிர்பயா என்று அழைத்ததை நினைவில் வைத்து, பெண்களுக்காக என்று 2014 ஜனவரியில் கான்பூர் தொழிற்சாலை வெளியிட்டது. டைட்டானியம் கலவை உடம்பு. அப்போது விலை ஒரு லட்சத்து 22 ஆயிரத்துச் சொச்சம். பாதுகாப்பு வேண்டிய பெண்களில் எத்தனை பேரால் அதை வாங்க முடியும் என்று அப்போதே கேட்டார்கள், நியாயமான கேள்வி. பிரபல் புதுசு. ஆயுதத் தொழிற்சாலைகளை 2021இல் ஏழு கம்பெனிகளாகப் பிரித்த பிறகு, அதில் ஒன்றான கான்பூர் கம்பெனி 2023இல் கொண்டுவந்தது. மடங்காது, உருளை பக்கவாட்டில் வெளியே வரும். நீளம் பதினெட்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

பிரபலை விளம்பரப்படுத்தியது 50 மீட்டர் தூரம் சுடும் என்று. பழசெல்லாம் 15, 20 மீட்டர்தான். மாப்பிள்ளை கண்கள் விரிந்தன. நான் தெருவைக் காட்டினேன். முக்கில் இருக்கிற டீக்கடை ஐம்பது மீட்டர் இருக்கும். அங்கே நிற்கிற ஒருவன் இங்கே நிற்கிற உன் உயிருக்கு இந்த நொடியில் ஆபத்து என்று எந்த நீதிபதியிடம் சொல்வாய்? தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவில், அதாவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த சட்டத்தில், 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. 37ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் காயப்படுத்தக் கூடாது, அரசு உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டால் காசும் போகும், வியாபாரமும் போகும், நீயும் புழலுக்குப் போவாய். நமக்கு வேண்டியது மூன்று நாலு மீட்டர். அதற்கு ஐந்தில் எதுவும் போதும். எனவே தூரத்தைப் பேப்பரிலிருந்து அடித்தேன்.

பக்கவாட்டு உருளை உறுதியானது, ஆர்மரராக எனக்கு அதுதான் பிடித்தமும்கூட. மடங்கும் ரகத்தில் மேல் கொக்கி தேய்ந்தால் ஆட்டம் கொடுக்கும். ஆனால் இவன் ஆயுளில் ஆயிரம் தோட்டா சுடப்போவதில்லை. கொக்கி தேய்வதற்கு முன் வேறொன்று வந்துவிடும்: துரு.

காசிமேட்டில் கதவுக் கீல் ஒரு மழைக்காலம் தாங்காது. உடம்பின் வியர்வை, கடல் காற்று, மீன் தண்ணீர் மூன்றும் சேர்ந்து எஃகைத் தின்னும் வேகம் மற்ற இடத்துக்காரர்களுக்குப் புரியாது. கறுப்பு மெருகு போட்ட எஃகை இடுப்போடு ஒட்டி வைத்தால், உடம்பு படும் பக்கம்தான் முதலில் சிவக்கும். டைட்டானியம் துருப்பிடிக்காது. இந்த இடத்தில் நிர்பீக் ஒரு படி மேலே ஏறியது. அதற்காக எண்ணெயே வேண்டாம் என்றில்லை. உள்ளே ஸ்பிரிங் எஃகுதான். வாரம் ஒரு தடவை துடைத்தே ஆக வேண்டும். தோல் உறை வாங்காதே என்றும் சொன்னேன். தோல் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், பித்தளைத் தோட்டாவில் பச்சையாகக் களிம்பு ஏறும், அறைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். நைலானோ கெட்டி பிளாஸ்டிக்கோ போதும், விசையை முழுக்க மூடுவதாக இருக்க வேண்டும். பணப் பைக்குள் சாவிக்கொத்தோடு உறையில்லாமல் போட்டால் என்றைக்காவது சாவி விசையை இழுக்கும். இழுத்தால் தொடை.

அடுத்த சோதனை விசை. ரிவால்வரில் விசை இழுப்பு கனம், பொதுவாக ஐந்து கிலோவை ஒட்டி. அவன் கடையில் கொக்கி போட்ட பழைய ஸ்பிரிங் தராசு இருக்கிறது. ஆணியில் மாட்டி, ஆள்காட்டி விரலால் மட்டும், கை ஆடாமல், முள் ஐந்துக்கு வரும்வரை இழுக்கச் சொன்னேன். வலது விரலில் பல வருடத்துக்கு முன் கெளுத்தி முள் ஏறிய தழும்பு. நாலுக்குமேல் கை நடுங்கியது. இடது கையில் இழுத்தால் சுகமாக ஐந்தைத் தாண்டினான். இந்த ஒரு விஷயம் எந்த வீடியோவிலும் கிடைத்திருக்காது. பை இடது பக்கம் மாறியது.

இதற்கிடையில் கற்களின் கதை. அரைக் கிலோ முதல் நாள் உறுத்தியதாம், மூன்றாம் நாள் பழகிவிட்டதாம். 700 கிராம் முதல் நாள் ஓகே. இரண்டாம் நாள் லோடு ஏற்றும் பையன் இடித்துவிட்டு, "இன்னாண்ணே இடுப்புல, செங்கல்லா?" என்று கேட்டிருக்கிறான். மூன்றாம் நாள் ஏழு மணிக்கு நான் போனபோது அவன் இடுப்பில் கல் இல்லை. "எங்கே?" என்றேன். ஸ்கூட்டர் டிக்கியில். ஸ்கூட்டர் எங்கே? பார்க்கிங்கில், சாவியோடு.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே பேப்பரை எடுத்து மார்க் 3ஐயும் பிரபலையும் அடித்தான்.

பேன்ட் போட்டு, ஏசி கடையில் உட்கார்ந்திருக்கும் சௌகார்பேட்டை நகைக்காரருக்கு என் பதில் வேறாக இருந்திருக்கும். அவருக்கு 700 கிராம் ஒரு பொருட்டில்லை. பிரபலின் உறுதியான கட்டுமானத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன். மாதம் தவறாமல் கிளப்புக்குப் போகிறவர் என்றால் அஷானிக்கும் சரி சொல்லியிருப்பேன். நிர்பீக் நல்ல துப்பாக்கி என்பதால் ஜெயிக்கவில்லை. இவன் கழற்றி வைக்காமல் இருக்கப்போவது அது ஒன்றுதான்.

மறுநாள் தங்கச்சி வந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "வூட்ல எங்க வெப்பாரு அண்ணா? சின்னவன் பீரோமேல ஏறுறான்." அதற்குப் பதில் வைத்துக்கொண்டுதான் விண்ணப்பமே போட வேண்டும். 2016 ஆயுத விதிகளின்படி பாதுகாப்பாக வைக்க வசதி உண்டு என்று உறுதிமொழி தர வேண்டும், பயிற்சிச் சான்றும் மருத்துவச் சான்றும் வேண்டும். சுவரில் போல்ட் போட்ட சின்ன லாக்கர், தோட்டா வேறு இடத்தில், சாவி அவன் கழுத்தில். துப்பாக்கி வாங்குவதற்கு முன் லாக்கர் வர வேண்டும் என்பது அவள் நிபந்தனை. எனக்கும் அதுதான்.

காகித வேலை பற்றிச் சுருக்கமாக. வேப்பேரி கமிஷனர் அலுவலகத்துக்கு ஓடும் முன் உங்கள் ஸ்டேஷன் எந்தக் கமிஷனரேட்டில் வருகிறது என்று பாருங்கள். 2022இல் ஆவடி தனியாகப் பிரிந்தபின் வடக்கே பல இடங்கள் அங்கே போய்விட்டன. உயிருக்கு உண்மையான அச்சுறுத்தல் இருக்கிறதா என்று விசாரிப்பார்கள், அதனால் புகார் ரசீதைத் தொலைக்கக் கூடாது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருடம் செல்லும், ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி. கல்யாணத்தில், திருவிழாவில் வானத்தைப் பார்த்துச் சுட்டால் இரண்டு வருடம் வரை ஜெயில். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்க வேண்டி வரும். மெட்ரோ வாசலில் ஸ்கேனர் இருக்கிறது, இடுப்பில் துப்பாக்கியோடு வண்ணாரப்பேட்டையில் ஏறி சென்ட்ரலில் இறங்கும் கனவு வேண்டாம்.

பேப்பரில் ஐந்து பெயருக்குக் கீழே ஆறாவதாக நான் ஒன்று எழுதியிருந்தேன்: எதுவும் வாங்காதே. கோபித்துக்கொண்டான். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, பெரிய ரொக்கமும் இருக்காது. ஆனால் துப்பாக்கி அந்த இரண்டு மாதமும் வீட்டில்தான் கிடக்கும், சின்னவன் பீரோமேல் ஏறிக்கொண்டேதான் இருப்பான். மிச்ச நாளில், பெரிய ஓட்டல்காரர்களை போன் மூலம் பணம் அனுப்ப வைத்தால் பாதி ரொக்கம் குறையும். மீதியை விடிந்து, கூட்டத்தோடு, இன்னொரு வியாபாரியோடு சேர்ந்து கொண்டுபோனால் பின்னால் வரும் பைக்குக்கு வேலையில்லை. இதை அவன் ஏற்றுக்கொண்டான், ஆனால் விண்ணப்பத்தை விடவில்லை. இரண்டும் நடக்கட்டும் மச்சான் என்றான். அவன் உயிர், அவன் பயம். நான் மேலே பேசவில்லை.

லாக்கர் வந்துவிட்டது. விண்ணப்பம் விசாரணையில் இருக்கிறது, எப்போது வரும் என்று தெரியாது. போன ஞாயிறு ஏலத்தில் அவனைப் பார்த்தேன். குந்தி உட்கார்ந்து வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். பனியனுக்குள் இடது பக்கம் அரைக் கிலோ கல் அப்படியே இருந்தது.